சிக்னலில் நிற்கும் பைக்கைப் பின்னால் வரும் வண்டி இடிக்காமல் காத்துக்கொள்வது எப்படி

வண்டி ஓடும்போது எவ்வளவு கவனமாக இருப்பவரும் சிக்னலில் காலை ஊன்றியவுடன் சற்றுத் தளர்ந்துவிடுகிறார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி முகத்தைத் துடைப்பதும், சட்டைப் பையில் அதிரும் செல்போனை எடுத்துப் பார்ப்பதும், எதிரே குறைந்துகொண்டு வரும் டைமரின் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த அரை நிமிடத்தில்தான் நடக்கின்றன. நாம் நின்றுவிட்டோம் என்பது நமக்குத் தெரியும். பின்னால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருப்பவருக்கு அது இன்னும் தெரிந்திருக்காது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் நடந்த சாலை விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பின்னாலிருந்து மோதியதால் நேர்ந்தது. அந்த ஆண்டு சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பின்னாலிருந்து மோதிய விபத்துகள் எல்லாம் சிக்னலில் நடந்தவை அல்ல என்றாலும், காருக்குள் இருப்பவருக்கு பம்பர் நசுங்குவதோடு முடிகிற ஒரு மோதல் பைக்கில் இருப்பவரை இரண்டு வண்டிகளுக்கு நடுவே நசுக்கிவிடும்.

நான் பின்பற்றுவது ஒரே ஒரு விதியை. எனக்குப் பின்னால் ஒரு வண்டியாவது முழுமையாக நின்றுவிட்டதைக் கண்ணாடியில் பார்க்கும் வரை, நான் நின்றிருந்தாலும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகவே கருதுகிறேன். கீழே சொல்லப்படும் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே.

கணக்கு எளிமையானது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. கவனம் சற்றுச் சிதறியிருக்கும் ஓட்டுநர் உங்களைப் பார்த்து, நீங்கள் நிற்கிறீர்கள் என்று உணர்ந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்கு ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள்ளேயே 21 மீட்டர் கரைந்துவிடுகிறது. அதன்பின் நன்றாக பிரேக் பிடித்தாலும் இன்னும் 20 மீட்டர் தேவைப்படும். மொத்தத்தில் பத்துக் கார்களை வரிசையாக நிறுத்தும் தொலைவு அது. சாலை ஈரமாக இருந்தாலோ, வருவது பாரம் ஏற்றிய லாரியாக இருந்தாலோ இந்தத் தொலைவு இன்னும் நீளும். லாரியின் காற்று பிரேக்கில் காற்று குழாய் வழியாகச் சென்று சக்கரத்தைப் பிடிக்கவே ஒரு கணம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் மழைக்கால மாலை ஒன்றில், தாம்பரத்தை அடுத்த ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த குட்டியானை எனப்படும் சிறிய சரக்கு வண்டி என் பின் மட்கார்டைத் தட்டிவிட்டு நின்றது. நல்ல வேளையாக அடி பலமாக இல்லை. வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்தது, நான் விழவில்லை. சண்டை பிடிக்கும் முகத்தோடு திரும்பினேன். இறங்கி வந்த ஓட்டுநர், “லைட்டே எரியலையே சார்” என்று மட்டும் சொன்னார். நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். கை பிரேக்கைப் பிடித்தால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கால் பிரேக்கை மிதித்தால் எரியவில்லை. மிதிகட்டையையும் சுவிட்சையும் இணைக்கும் மெல்லிய ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்திருந்தது. அப்போதெல்லாம் சிக்னலில் கால் பிரேக்கை மட்டுமே மிதித்தபடி நிற்பது என் வழக்கம். எத்தனை நாளாக அப்படி விளக்கில்லாமல் நின்றிருக்கிறேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே வாரம் ஒருமுறை இருட்டிய பிறகு வண்டியின் பின்புறத்தை வீட்டுச் சுவருக்கோ மூடிய கடையின் ஷட்டருக்கோ அருகில் நிறுத்தி, சாவியைப் போட்டு, கை பிரேக்கையும் கால் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சுவரில் படியும் சிவப்பு இரண்டு முறையும் ஒரே அளவுக்குக் கூட வேண்டும். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும் என்பதும் முக்கியம். பின் பிரேக்கை மெக்கானிக் இறுக்கிய பிறகோ தளர்த்திய பிறகோ மிதிகட்டையின் நிலை மாறிவிடுவதால், சுவிட்ச் தாமதமாக வேலை செய்யும். பெரும்பாலான வண்டிகளில் வலது கால்மிதிக்கு அருகிலுள்ள அந்தச் சுவிட்சின் உடலில் இருக்கும் நட்டைத் திருப்பி அதை மேலேயோ கீழேயோ நகர்த்திச் சரிசெய்துவிடலாம்.

பழைய வகை பல்பில் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழைகள் இருக்கும். சிறியது எப்போதும் எரியும் டெயில் லைட்டுக்கு, பெரியது பிரேக்குக்கு. பெரிய இழை அறுந்தாலும் சிறியது எரிந்துகொண்டே இருப்பதால், விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். அழகுக்காக விளக்கின் மேல் கறுப்புத் தாள் ஒட்டுவதைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. மூட்டை, கேன், மழைக்கோட்டின் வால், பின்னால் அமர்ந்தவரின் புடவைத் தலைப்பு ஆகியவை விளக்கை மறைக்கின்றனவா என்பதைப் புறப்படும் முன் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட வேண்டும். உணவோ பார்சலோ கொண்டுபோகும் பெட்டி கட்டியிருப்பவர்கள் அதன் பின்பக்கத்தில் ஒளி பட்டால் மின்னும் சிவப்புப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வது, மின்சாரமே தேவைப்படாத காவல்.

நிற்பதற்கு முந்தைய ஐந்து விநாடிகள்

மஞ்சள் விளக்கு விழும்போது பெரும்பாலோர் சிக்னலை மட்டும் பார்க்கிறார்கள். முன்னால் சிக்னல், பின்னால் கண்ணாடி என்று இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உங்களை ஒட்டியபடி ஒரு பேருந்து வேகமாக வந்துகொண்டிருந்தால், அந்த ஓட்டுநர் மஞ்சளிலேயே கடந்துவிடுவது என்று தீர்மானித்திருக்கக்கூடும். நீங்களும் கடந்துவிடுவீர்கள் என்று எதிர்பார்த்தே அவர் அப்படித் தீர்மானித்திருப்பார். அந்த நேரத்தில் கோட்டருகே வந்துவிட்டு சட்டென்று அடித்து நிறுத்துவதுதான் மிக ஆபத்தானது. இதைத் தவிர்க்க ஒரே வழி, சந்திப்பை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பச்சையாக இருந்தாலும் மாறக்கூடும் என்ற எண்ணத்தோடு வருவதுதான். டைமர் உள்ள சிக்னல்களில் இது இன்னும் எளிது: எட்டு, ஏழு என்று காட்டும்போதே நிற்கப்போகிறோமா போகப்போகிறோமா என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகள் அனைத்திலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. அதனால் இன்றைய பைக் மிகக் குறைந்த தொலைவில், சறுக்காமல் நின்றுவிடுகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் அளவுக்கு விரைவாக நிற்க முடியாத ஒன்று பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்பதை ஏபிஎஸ் அறியாது. அவசரம் இல்லாதபோது பிரேக்கை இரண்டு கட்டமாகப் பிடியுங்கள். முதலில் விளக்கு எரிவதற்கு மட்டும் லேசாகத் தொட்டு ஓரிரு விநாடி வைத்திருந்து, பின்னால் இருப்பவருக்குச் செய்தி போன பிறகு உண்மையாக அழுத்த வேண்டும். கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைத் தணிப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது வண்டி மெதுவாகிறதே தவிர, பின்னால் சிவப்பு எதுவும் எரிவதில்லை. பின்னால் ஆள் அமர்ந்திருந்தால், அவரைக் கையை உயர்த்திக் காட்டச் சொல்லலாம். பழைய பழக்கம் என்று சிரிப்பார்கள். ஆனால் விளக்கைக் கவனிக்காத ஓட்டுநர்கூட அசையும் கையைக் கவனித்துவிடுகிறார்.

எங்கே நிற்பது

வரிசையின் கடைசியில் நிற்க நேரும்போது, முன்னால் நிற்கும் காரின் நடுப்பகுதிக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். காரின் பின்பக்க மூலை ஒன்றுக்கு நேராக, அதாவது இரண்டு வாகன வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி நிற்பது நல்லது. முன்னால் இருக்கும் வண்டியின் பின் டயர்கள் தரையைத் தொடும் இடமும், அதற்குப் பின்னால் கொஞ்சம் தாரும் தெரிய வேண்டும்; குறைந்தது ஒரு பைக்கின் நீளமாவது விட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். பின்னாலிருந்து இடி விழுந்தால் நீங்கள் தள்ளப்படும் இடமும், இடிக்கு முன்பே நீங்கள் தப்பி ஓடும் வழியும் அந்த இடைவெளிதான். முன் சக்கரத்தை அந்தத் திறந்த பக்கத்தை நோக்கிச் சற்றே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு இடம் விட்டால் வேறொருவர் வந்து புகுந்துவிடுவார் என்பது நம் ஊரில் உண்மைதான். புகட்டும். புகுந்தவர் ஒரு ஸ்கூட்டர்காரராக இருந்தால் உங்கள் வழி முழுவதுமாக அடைபடுவதில்லை; அடைபட்டால் அரையடி நகர்ந்து புதிதாக ஒரு வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் தாண்டிக் கோட்டருகே போய் நிற்பது நம் நகரங்களில் எல்லோரும் செய்வது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை: பின்னால் நான்கைந்து கார்கள் ஏற்கெனவே நின்றுவிட்டால், வேகமாக வரும் வண்டி அவற்றில்தான் மோதும், உங்களிடம் வந்து சேராது. ஆனால் போகும் வழியும் போய் நிற்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். நின்றிருக்கும் பேருந்தின் இடப்பக்கமாக நுழைந்து செல்வதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இடப்பக்கத்தின் பெரும்பகுதி தெரிவதே இல்லை. பேருந்து இடப்புறம் திரும்பினால் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாமல் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அங்கே நிற்பவருக்கு ஒதுங்க நடைமேடையைத் தவிர வேறு இடம் இருக்காது.

இன்னொரு இடம் லாரியின் மூக்குக்குக் கீழே. லாரி முதல் வரிசையில் நிற்கும், அதற்கும் கோட்டுக்கும் நடுவே ஆறடி காலியாக இருக்கும், ஒரு ஸ்கூட்டர் வளைந்து வந்து அதில் நின்றுகொள்ளும். உயரமான கேபினில் இருப்பவருக்கு அந்த ஆறடியில் இருப்பது எதுவும் கண்ணில் படாது. பச்சை விழுந்ததும் அவர் கிளட்சை விடுவார். அந்த வண்டி நகரும் வேகம் நடை வேகம்தான், ஆனாலும் அதன் எடை டன் கணக்கில். வேகமாக வந்து மோதுவதை மட்டும் பின்புற மோதல் என்று நினைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லாரிக்கு முன்னால் நிற்க நேர்ந்தால், தலையைத் திருப்பி மேலே பாருங்கள். ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. முகம் தெரியும் அளவுக்கு முன்னாலோ பக்கத்திலோ நகர்ந்து, கையை ஆட்டி அவர் பார்த்துவிட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நின்ற பிறகு

கியர் வண்டியானால் முதல் கியரில், கிளட்சைப் பிடித்தபடி, இடது காலை ஊன்றி, வலது காலால் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வலது கை ஆக்சிலேட்டரில் தயாராக இருக்கும். கை வலிக்கிறதே என்றால், பின்னால் இரண்டு, மூன்று வண்டிகள் முழுமையாக நின்றுவிட்ட பிறகு நியூட்ரலுக்குப் போகலாம், அதற்குமுன் வேண்டாம். ஸ்கூட்டரில் வேலை இன்னும் குறைவு: இடது கையில் பிரேக், வலது கையில் ஆக்சிலேட்டர், அவ்வளவுதான்.

கண்ணாடியில் உங்கள் முழங்கை ஓரமாகச் சிறிதளவு தெரிய வேண்டும். மீதியெல்லாம் பின்னால் உள்ள சாலையாக இருக்க வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். வருகிற வண்டியின் முன்பக்கம் பிரேக் பிடிக்கும்போது சற்றுக் குனியும். அந்தக் குனிவு தெரிந்தால் ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார். நெருங்கியும் குனியாமல் ஒரே நிலையாகப் பெரிதாகிக்கொண்டே வருகிறதென்றால், பிரேக்கை மூன்று, நான்கு முறை விட்டு விட்டுப் பிடித்து விளக்கைச் சிமிட்டுங்கள். வண்டியில் நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக எரியும் வசதி இருந்தால் அதையும் போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் தயங்காமல் அந்த இடைவெளிக்குள் போய்விட வேண்டும். முன்பே பார்த்து வைத்த வழி இருந்தால்தான் இது இரண்டு விநாடியில் நடக்கும். அந்த நேரத்தில் வழி தேடினால் நடக்காது. காலியான மைதானம் ஒன்றில் நின்ற நிலையிலிருந்து ஐந்தடி முன்னால், இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் சட்டென்று நகர்ந்து நிற்பதைப் பத்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலை மிச்சப்படுத்த சிக்னலில் சாவியையே அணைத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. நல்ல நோக்கம்தான், ஆனால் இரவில் அப்படிச் செய்தால் வண்டியின் எல்லா விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். பின்னால் வருபவருக்கு நீங்கள் இருட்டில் கரைந்துவிடுகிறீர்கள். அணைக்கத்தான் வேண்டுமென்றால், பின்னால் வரிசை நின்ற பிறகு, ஹேண்டிலில் உள்ள சிவப்புச் சுவிட்சால் எஞ்சினை மட்டும் நிறுத்துங்கள். அப்போதும் சில வண்டிகளில் டெயில் லைட் எஞ்சினோடு சேர்ந்தே அணையும், பேட்டரியில் எரியும் பிரேக் லைட் மட்டும் மிஞ்சும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

சிக்னல் இல்லாத இடங்களில்

நான்கு வழிச் சாலையில் யூ-டர்ன் எடுப்பதற்காக, நடுத் தடுப்பை ஒட்டிய வலது ஓரத்தில், வேகமாகச் செல்லும் வண்டிகளுக்கான தடத்திலேயே நின்று எதிர்ப்பக்கம் இடைவெளி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களை சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டியதும் மைலுக்கு மைல் காணலாம். அவர் முழுக் கவனத்தோடு எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் தொண்ணூறில் வரும் கார் அவருக்குத் தெரிவதில்லை. இதற்குப் பதிலாக, நடுத் தடுப்பின் திறப்புக்கு முன்பே இடது ஓரத்தில், சாலையை விட்டு இறங்கி நின்று, இரு பக்கமும் வண்டி இல்லாத நேரம் பார்த்து ஒரே மூச்சில் கடந்து போங்கள். திரும்புவதற்கென்று தனித் தடம் விட்டிருக்கும் திறப்புகளில் மட்டுமே வலப்பக்கம் நிற்பது தகும்.

மழை பிடித்தவுடன் மேம்பாலத்தின் அடியில் முப்பது, நாற்பது பைக்குகள் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பது சென்னையில் சாதாரணம். நனையாமல் இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மழையிலிருந்து நிழலுக்குள் நுழையும் ஓட்டுநருக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், முன்னால் இருட்டு, ஈரத் தரை என்று மூன்றும் சேர்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் பங்க், கடை வாசல் என்று சாலைக்கு வெளியே ஓர் இடம் கிடைக்கும் வரை மெதுவாகப் போய்விடலாம். வண்டி பழுதானாலும் இதே முறைதான்: தள்ளிக்கொண்டே சாலையை விட்டு இறக்கிவிட்ட பிறகே செல்போனை எடுக்க வேண்டும்.

இடித்துவிட்டால்

பின்னாலிருந்து இடி விழும்போது பைக் முன்னால் போகிறது, ஆள் பின்னால் சாய்கிறார். பின்னிருக்கையில் இருப்பவருக்கே முதல் அடி, பெரும்பாலும் தலை இடித்த வண்டியின் பானெட்டில் படும். ஆகவே தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும், ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 4151 முத்திரையோடு, தாடைப் பட்டை இறுக்கமாக மாட்டப்பட்டு. கொக்கி மாட்டாத ஹெல்மெட் முதல் குலுக்கலிலேயே கழன்று உருண்டுவிடும்.

விழுந்தவுடன் துள்ளி எழ வேண்டாம். கழுத்து, கை, கால் அசைகின்றனவா என்று பார்த்து, முடிந்தால் ஓரத்துக்கு நகருங்கள், ஏனென்றால் அடுத்த வண்டியும் அதே வழியில்தான் வருகிறது. மயங்கிக் கிடப்பவர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், அவருடைய ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றாமல், கழுத்து ஆடாதபடி தாங்கிக்கொண்டு 108-ஐ அழையுங்கள். உதவி செய்பவரைச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்தவோ வழக்கில் இழுக்கவோ கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் வரம்புக்கு உட்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கும்.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன் அவை நின்ற நிலையையும், இடித்த வண்டியின் எண்ணையும் யாரையாவது செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். காயம்பட்டவருக்கு உதவாமல் ஓட்டுநர் ஓடிவிடுவது குற்றம். அவர் யாரென்றே தெரியாமல் போனாலும், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் இழப்பீடு கோரலாம். அதற்குக் காவல் நிலையத்தில் பதிவான புகாரும் மருத்துவமனைச் சான்றும் கையில் இருக்க வேண்டும். அடிபட்ட ஹெல்மெட்டில் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது என்பதால், அதை மறுபடியும் தலையில் மாட்டாமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.